கொடுத்த மருந்தைத் திரும்ப வாங்கப் போன நாட்கள்

பட்டறைத் தொழிலாளி கோவிந்தன் ஆலையின் கேட்டைத் தாண்டிவிட்டிருந்தார். அவருடைய துணிப்பையில் நான் ஊற்றிக் கொடுத்த மருந்துப் புட்டி இருந்தது. மருந்தக ஜன்னலுக்கு உள்ளே நின்றபடி அதில் எந்த மருந்தை ஊற்றினேன் என்று நினைத்துப் பார்த்தேன். ஜாடியைச் சாய்க்கும் ஒரு கை தெரிந்தது. வளையல்கூட என்னுடையதுதான். ஆனால் அது இன்றைக்குச் சாய்த்த கையா, நேற்றுச் சாய்த்த கையா என்று சொல்ல முடியவில்லை.

ஓடிப்போய் அவரைக் கூப்பிட்டேன். புட்டியை வாங்கித் திறந்து முகர்ந்தேன். சரியான மருந்துதான். சீட்டு சரியாக ஒட்டவில்லை என்று ஒரு பொய் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். ஜன்னலுக்குத் திரும்பி வந்தபோது உடம்பு முழுக்க ஒரு நிம்மதி பரவியது, வெயிலில் அலைந்துவிட்டு முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டது போல. நோய் என்னைப் பிடித்துக்கொண்டது அந்த நிம்மதியில்தான் என்று இப்போது தெரிகிறது. அது மறுபடி வேண்டுமென்று மனம் அன்றைக்கே கேட்கத் தொடங்கிவிட்டது.

எழுபதுகளின் தொடக்கம் அது. திருவொற்றியூரில் ஓர் இரும்பு ஆலையின் மருந்தகத்தில் நான் கம்பவுண்டராக (மருத்துவர் எழுதித் தருவதைக் கலந்து ஊற்றிக் கொடுப்பவர்) இருந்தேன். தொழிலாளிகள் வீட்டிலிருந்து புட்டி கொண்டுவருவார்கள். கழுவி, அளந்து ஊற்றி, எவ்வளவு குடிப்பது என்று காட்ட வேளைக்கு ஒரு வெட்டாகக் கத்தரித்த காகிதச் சீட்டைப் பக்கவாட்டில் ஒட்டித் தருவேன். இருமலுக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று, வயிற்று வலிக்கு ஒன்று. வயிற்று வலி மருந்தில் பெல்லடோனா (குடல் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும் ஒரு செடியின் சாறு) இருக்கும். அளவு மீறினால் அது விஷம். ஆறு வருட வேலையில் நான் ஒருமுறைகூட அளவு மீறியதில்லை.

வீடு ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்தெருவில். என் கணவர் சேவியர் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் விஞ்ச் இயக்குபவர். கல்யாணமாகி நான்கு வருடம் ஆகியிருந்தது.

உங்களில் சிலருக்குப் பூட்டிய கதவாக இருக்கலாம், அணைத்த அடுப்பாக இருக்கலாம், கழுவிய கையாக இருக்கலாம். எனக்கு அது மருந்துப் புட்டியாக வந்தது. ஒரு காரியத்தைச் செய்து முடித்த அடுத்த கணமே அதைச் செய்த நினைவு ஆவியாகிவிடும். இரவு கண்ட கனவைக் காலையில் பிடிக்கப் போனால் எப்படி நழுவுமோ அப்படி. செய்தேனா, செய்ததாகக் கனவு கண்டேனா? இந்தக் கேள்விக்குள் நான் ஏறக்குறைய இரண்டு வருடம் குடியிருந்தேன்.

முதலில் முகர்ந்து பார்த்தேன். பிறகு முகர்ந்தது போதவில்லை. ஒவ்வொரு புட்டியை மூடும் முன்பும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். சொட்டு மடக்கானது. ஜன்னலுக்கு வெளியே வரிசை நீண்டது. ஆட்கள் முணுமுணுத்தார்கள். நான் தலை நிமிராமல் ருசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாதங்களை நினைத்தால் எல்லாமே ஒரு மெல்லிய வெண்துணிக்குப் பின்னால் நடந்ததாகத் தோன்றுகிறது. வாய் எப்போதும் காய்ந்திருந்தது. பகல் வெளிச்சம் அளவுக்கு அதிகமாக இருந்தது. ஆலைச் சங்கு ஊதினால் அதன் ஓசை சுவரில் பட்டு நிறமாக வழிவது போல இருக்கும். சீட்டில் என் கையெழுத்தே எனக்குக் கலங்கித் தெரிந்தது. கண்ணாடி போடும் வயது வந்துவிட்டதென்று நினைத்தேன். எனக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதில்) வாராவாரம் இதையே சொன்னேன். யாரையோ கொன்றிருக்கலாம் என்று சொன்னேன். சாமியார் முதலில் பொறுமையாகக் கேட்டார். ஐந்தாவது வாரம், இது பாவம் இல்லை, இதற்கு நான் மன்னிப்புத் தர முடியாது, ஒரு மருத்துவரைப் பார் என்றார். அவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று எண்ணி அழுதுகொண்டே வந்தேன். முதலில் சரியான வழியைக் காட்டியவர் அவர்தான்.

ஒரு சனிக்கிழமை கோவிந்தன் மறுபடி வயிற்று வலி என்று வந்து மருந்து வாங்கிப் போனார். மாலை வேலை முடிந்ததும் நான் ராயபுரம் போகும் ரயிலை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் எண்ணூர் போகும் ரயிலில் ஏறினேன். அவர் இருந்த மீனவக் குப்பம் கழிமுகத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது. விசாரித்து விசாரித்து நடந்தேன். உப்பளங்களில் தேங்கிய தண்ணீரில் வானம் ரோஜா நிறத்தில் கிடந்தது. தூரத்து அனல்மின் நிலையத்தின் புகை அசையாமல் நின்றது. நான் நடக்கிறேனா, மணல்தான் எனக்குக் கீழே பின்னால் போகிறதா என்று தெரியவில்லை.

கோவிந்தன் வீட்டில் இல்லை. அவர் மனைவி செல்லம்மா வலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மருந்துப் புட்டியைக் கொஞ்சம் காட்டச் சொன்னேன். உள்ளே போய் எடுத்து வந்தாள். கோவிந்தன் அதில் ஒரு வேளை மருந்து குடித்திருந்தார். நான் தக்கையைப் பிடுங்கி அப்படியே ஒரு மடக்குக் குடித்தேன். ருசி சரியாக இருந்தது. சரியாக இருந்ததா? இன்னொரு மடக்கு. அப்புறம் இன்னொன்று.

"இன்னாம்மா, அவருக்குக் குட்த்த மருந்த நீயே குட்ச்சிக்கினு கீறே?" என்றாள் செல்லம்மா. அவள் குரலில் கோபம் இல்லை. என்னைப் பிடித்து உட்கார வைத்து, என் கையிலிருந்த புட்டியை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

அவள் முகம் இரண்டாகத் தெரிந்தது. இருவரும் அன்பாக இருந்தார்கள்.

கோவிந்தன் வந்து என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார். திங்கட்கிழமை ஆலை டாக்டர் என் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். பாவை (கண்ணின் நடுவிலுள்ள கறுப்பு வட்டம்) முழுதாக விரிந்து கிடந்தது. பெல்லடோனா ஏறிய உடம்பு என்பது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. போதைக்காக மருந்து திருடிக் குடிக்கிறேன் என்றுதான் முதலில் நினைத்தார். எத்தனை நாளாக என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவருடைய பேனா நின்றது. அன்றே நீண்ட விடுப்பு எழுதி, நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் மனநோய்ப் பிரிவுக்குக் கடிதம் தந்தார். திரும்ப வேலைக்கு எடுப்பதைப் பற்றி அப்புறம் பார்க்கலாம் என்றார். அந்த 'அப்புறம்' எனக்குத் தீர்ப்பு போலக் கேட்டது.

மனநோய்ப் பிரிவு என்றாலே எங்கள் தெருவில் அது ஒரு வசவு. சேவியர் யாரிடமும் எதையும் மறைக்கவில்லை. "என் பொண்டாட்டிக்கு உடம்பு சரியில்ல. ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்று கேட்டவர்களிடமெல்லாம் ஒரே மாதிரி சொன்னார்.

அங்கே டாக்டர் பத்மாசனி என்னைப் பார்த்தார். நாற்பதைத் தாண்டியவர், மெல்லிய குரல். நான் பைத்தியமா என்று முதலில் கேட்டேன்.

"புட்டியில விஷம் இருக்குன்னு நம்பறீங்களா?" என்று கேட்டார்.

இல்லை, இல்லை என்று தெரியும், ஆனாலும் விட முடியவில்லை என்றேன்.

"அந்தத் 'தெரியும்'கறது உங்ககிட்ட இருக்கு. அது போதும், வேலையைத் தொடங்கலாம்" என்றார். அதற்கு இன்சைட் (தனக்கு வந்திருப்பது நோய் என்று நோயாளியே உணர்வது) என்று பெயராம். மனச்சிதைவில் அது பெரும்பாலும் போய்விடும், என் நோயில் போகாது. போகாததால்தான் இவ்வளவு வேதனை. வேண்டாமென்றாலும் வந்து மோதும் எண்ணத்தை அப்செஷன் என்றும், அந்த எண்ணத்தைச் சமாதானப்படுத்தச் செய்தே தீரவேண்டிய செயலைக் கம்பல்ஷன் என்றும் விளக்கினார். பெயர் கிடைத்ததே பாதி பாரம் இறங்கியது போல இருந்தது.

நான் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் என்றேன். பள்ளிக்கூடத்தில் என் நோட்டுதான் வகுப்பிலேயே சுத்தம். அப்படியானால் என் ஆளுமையே நோயா? நோட்டை அழகாக வைத்தபோது சந்தோஷமாக இருந்ததா என்று அவர் கேட்டார். இருந்தது. மருந்தைக் குடித்துப் பார்க்கும்போது? இல்லை, பயம்தான். அப்போது அவர் சொன்னதை நான் பல வருடம் நெஞ்சில் வைத்திருந்தேன். குணம் என்பது நாம் விரும்பி உடுத்தும் துணி, நோய் என்பது நம்மை உடுத்திக்கொண்டு நடக்கும் வேறொன்று. இரண்டும் ஒரே நிறத்தில் இருப்பதால் குழம்பிவிடுகிறோம்.

முதல் ஐந்து மாதம் பேசினோம். மாத்திரையும் உண்டு. அது கொஞ்சம் தூக்கத்தைத் தந்தது. வாரம் ஒருநாள், ஒரு மணி நேரம், நினைவுக்கு வந்ததைச் சொல்ல வேண்டும். ஜன்னலுக்கு வெளியே ஒரு தூங்குமூஞ்சி மரம். நான் அதைப் பார்த்துக்கொண்டே பேசுவேன். பேசப் பேச அறை என்னை விட்டு விலகிப் போகும். அவருடைய முகம் சில நாட்களில் என் அம்மாவின் முகமாகத் தோன்றும். எதற்கென்று தெரியாமல் அவர் மேல் கோபம் வரும். அதையும் சொல்லச் சொல்வார். டிரான்ஸ்ஃபரன்ஸ் (பழைய உறவின் உணர்ச்சிகளைச் சிகிச்சை தருபவர் மேல் ஏற்றிப் பார்ப்பது) அது என்பார்.

அப்படி ஒருநாள் அப்பாவின் கதை வந்தது. எனக்குப் பதினொரு வயது. ரயில்வேயில் இயந்திரம் பொருத்தும் பிட்டராக இருந்த அப்பா மூச்சிரைத்துக் கிடந்தார். மருந்து வாங்கி வரச் சொல்லி அம்மா அனுப்பினாள். வழியில் மாதாவின் சப்பரம் வந்தது. விளக்குகளைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று இன்றும் தெரியாது. மருந்தோடு வந்தபோது அப்பா இறந்திருந்தார். நீ எங்கே போயிருந்தாய் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

அன்று நிறைய அழுதேன். டாக்டர் பத்மாசனியின் கண்ணும் கலங்கியிருந்தது. அடக்கி வைத்த குற்ற உணர்ச்சி வேறு வேடத்தில் வந்திருக்கிறது என்றார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் லேசாக இருந்தேன். மறுநாள் காலை மண்ணெண்ணெய் அடுப்பை அணைத்தேனா என்று பதினேழு முறை போய்ப் பார்த்தேன்.

அடுத்த வாரம் இதை அவரிடம் சொன்னேன். அவர் தன் குறிப்பேட்டை மூடினார்.

"காரணம் உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு, எனக்கும் தெரிஞ்சுபோச்சு. உங்க கைக்குத்தான் தெரியலை. நான் இவ்வளவு நாள் உங்ககூட மட்டும் பேசிட்டிருந்தேன். இனிமே கையோட பேசுவோம்."

ஒரு மருத்துவர் தன் வழி போதவில்லை என்று நோயாளியிடம் சொல்வதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஆனால் பேசிய மாதங்கள் வீண் என்று நினைக்காதீர்கள். அவரை நம்பக் கற்றுக்கொண்டது அப்போதுதான். அடுத்து அவர் கேட்டதைச் செய்ய அந்த நம்பிக்கை முழுவதும் தேவைப்பட்டது.

அந்தப் பயிற்சி அப்போது புதிது. பயப்படும் இடத்தில் வேண்டுமென்றே நின்று, தப்பிக்கும் வழியை அடைத்துவிட்டுக் காத்திருப்பது. மேஜையில் மூன்று ஜாடி வைத்தார். ஒன்றில் உப்புத் தண்ணீர், ஒன்றில் சர்க்கரைத் தண்ணீர், ஒன்றில் கசப்பான கொய்னா தண்ணீர். ஒரு புட்டியில் உப்புத் தண்ணீரை ஒரே முறை ஊற்றி, முகராமல், ருசிக்காமல் தக்கை போட்டு ஆஸ்பத்திரி ஆயாவிடம் கொடுக்க வேண்டும். ஆயா அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். எங்கே என்று கேட்கக் கூடாது. அப்புறம் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருப்போம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பயம் நூற்றுக்கு எவ்வளவு என்று அவர் கேட்பார்.

தொண்ணூறு. தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றைந்து. உள்ளங்கை நனைந்து, காதுக்குள் கடல் இரைந்தது. ஆயா அதைக் குடித்துவிட்டு எங்கேயோ ஒரு படிக்கட்டில் விழுந்து கிடப்பதாகக் கண்ணில் தெரிந்தது. எழுந்து ஓடப் போனேன். அவர் என்னைத் தொடவில்லை, தடுக்கவில்லை. "மரத்தைப் பாருங்க" என்று மட்டும் சொன்னார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தூங்குமூஞ்சி மரத்தின் இலைகள் ஒன்றையொன்று தேடி மூடிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்து அவர் கேட்டபோது எண்பது என்றேன். பிறகு அறுபது. கடைசியில் நாற்பது. யாரும் எதுவும் செய்யவில்லை. பயம் தானாகவே ஏறியது, தானாகவே இறங்கியது. அதற்கு ஒரு முடிவு உண்டு என்பதை இரண்டு வருடத்தில் முதல்முறையாக என் உடம்பு கண்டுகொண்டது.

வீட்டில்தான் கடினம். ஒவ்வொரு மாலையும் நான் சேவியரிடம் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகாதில்லையா? ஆகாது என்பார். மறுபடி கேட்பேன். மறுபடி சொல்வார். ஒரு நாளும் அவர் சலித்துக்கொண்டதில்லை. அந்த அன்பான பதிலும் எனக்கு ஒரு மடக்கு மருந்துதான் என்று டாக்டர் பத்மாசனி அவரை அழைத்து விளக்கினார். இனிமேல் பதில் சொல்லாதீர்கள் என்றார்.

அன்று மாலை கேட்டேன். அவர் சுவரைப் பார்த்தார். இன்னொரு முறை கேட்டேன். கெஞ்சினேன். ஒரே ஒரு தடவை சொன்னால் போதும், இனிக் கேட்கவே மாட்டேன் என்றேன்.

"சொல்ல மாட்டேன் ரீத்தா. சொன்னா இன்னொரு தபா கேப்பே. சொல்லாம இருக்கறது எனக்கு எவ்ளோ கஷ்டமா கீது தெரியுமா?" என்றார். பிறகு வாசற்படிக்குப் போய் உட்கார்ந்து, பக்கத்தில் எனக்கு இடம் விட்டார். நான் போய் உட்கார்ந்தேன். துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஊதியது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதுவரை கஷ்டம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

ஒரு வருடம் கழித்து ஆலை என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டது. முதல் சில மாதங்கள் காயத்துக்குக் கட்டுப் போடும் அறையில். பிறகு, ஒரு திங்கட்கிழமை, பழைய ஜன்னல். இரண்டாவது ஆளாகக் கோவிந்தன் நின்றார். எனக்குப் பதிலாக அதுவரை இருந்த கம்பவுண்டர் பக்கத்திலேயே இருந்தார். அவரிடம் போகச் சொன்னேன்.

"வேற ஆளு வோணாம். நீயே ஊத்திக் குடு கம்பவுண்டரம்மா" என்றார் கோவிந்தன்.

ஒருமுறை ஊற்றினேன். சீட்டு ஒட்டினேன். தக்கை போட்டுக் கொடுத்தேன். கேட்டைத் தாண்டி அவர் முதுகு வெயிலில் கரைந்தது. ஏறட்டும், இறங்கட்டும் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த புட்டியைக் கழுவினேன்.

செவ்வாய்க்கிழமை கோவிந்தன் வேலைக்கு வரவில்லை.

அவர் பட்டறையில் கேட்டேன். தகவல் எதுவும் இல்லை என்றார்கள். அப்படிக் கேட்டதே தப்பு என்று உடனே உணர்ந்தேன். அன்றைய பகல் எவ்வளவு நீளம் என்று சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு புட்டியிலும் செல்லம்மாவின் முகம் தெரிந்தது. மாலை ஸ்டேஷனில் எண்ணூர் வண்டி முதலில் வந்தது. என் முன்னால் நின்றது. கதவு திறந்தே இருந்தது. ஒரு எட்டு வைத்தால் போதும். நூறு, நூறு, நூறு என்று எனக்குள் எண்ணிக்கொண்டு நின்றேன். வண்டி போய்விட்டது. ராயபுரம் வண்டி வரும்போது எழுபதில் இருந்தேன். வீட்டில் எதுவும் கேட்கவில்லை. சேவியர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மீனை இன்றைக்குத் தானே பொரிப்பதாகச் சொன்னார்.

புதனும் அவர் வரவில்லை.

வியாழன் காலை ஜன்னலுக்கு வெளியே கோவிந்தன் நின்றார். புது வேட்டி, நெற்றியில் குங்குமம். எங்கே போனீர்கள் என்று கேட்டேன்.

"மச்சான் வூட்ல கண்ணாலம் கம்பவுண்டரம்மா. ரெண்டு நாள் லீவு போட்டுக்கினேன்" என்றார். பிறகு தயங்கினார். "கோச்சிக்காதே. நீ குட்த்த மருந்த நான் குடிக்கவே இல்ல. வலி தானா பூட்ச்சி."

எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாமல் சிரித்தேன். வரிசையில் நின்றவர்களும் காரணம் தெரியாமல் சிரித்தார்கள்.

டாக்டர் பத்மாசனியிடம் இதைச் சொன்னபோது, நான் குணமடைந்ததன் அடையாளம் கோவிந்தன் நல்லபடியாகத் திரும்பி வந்ததில் இல்லை என்றார். அவர் வராத இரண்டு நாளும் நான் போகாமல் இருந்தேனே, அதில் இருக்கிறது. இதைப் படிப்பவர்களுக்கு நான் தர விரும்புவதும் அதுதான். சந்தேகம் இன்னும் எனக்கு வருகிறது. பண்டிகைக்கு முன்னால், உடம்பு சரியில்லாதபோது, சில சமயம் காரணமே இல்லாமல். உள்ளே வரட்டும் என்று விட்டுவிடுகிறேன். அதற்கு நாற்காலி போடுவதில்லை, காபி கொடுப்பதில்லை.

அந்த வருடம் மழைக்காலம் முடிந்த ஒரு நாள், வேலை முடிந்து ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கொருக்குப்பேட்டையில் வண்டி நின்றது நினைவிருக்கிறது. பக்கத்தில் ஒரு மீன்காரம்மா காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். கூடையிலிருந்து உப்பு வாசனை. சாயங்கால வெளிச்சம் என் மடியில் விழுந்து, அசைந்து, விலகி, மறுபடி விழுந்தது. என் கைகள் அந்த வெளிச்சத்தில் சும்மா கிடந்தன. இரண்டும் கனமாக இருந்தன. உழைத்துக் களைத்த கைகளின் கனம் அது. இவ்வளவு காலம் இந்த உடம்பு களைத்துப்போகக்கூட நான் நேரம் கொடுக்கவில்லை என்று தோன்றியது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

யாரோ தோளைத் தொட்டார்கள். மீன்காரம்மா.

"எறங்கும்மா. வண்டி இதுக்கு மேல போவாது."

பீச் ஸ்டேஷன். ராயபுரம் எப்போதோ போய்விட்டிருந்தது. பெட்டியில் எங்களைத் தவிர யாரும் இல்லை. எவ்வளவு நேரம் தூங்கினேன், எப்போது தூங்கினேன், எதுவும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் வேண்டியிருக்கவில்லை. இறங்கி, துறைமுகச் சுவரை ஒட்டிய சாலையில் ராயபுரத்தை நோக்கி மெதுவாக நடந்தேன்.